இளையராஜாவின் இரண்டு இசைத்தொகுப்புகள்

1986ல் வந்த 'ஹௌ டு நேம் இட்', 1988ல் வந்த 'நத்திங் பட் விண்ட்' - இளையராஜாவின் சினிமா சாராத இவ்விரண்டையும் ஒரே மூச்சில் புகழ்வது வழக்கமாகிவிட்டது. எனக்கு ஒப்பவில்லை. முதலாவதில் பாக்கின் தனிவயலின் உருப்படி ஒன்று நம் சங்கீதத்தோடு ஒரே வீட்டில் குடியிருக்க நேர்கிறது. வி. எஸ். நரசிம்மனின் வில் இரண்டுக்கும் நடுவே அவஸ்தைப்படுகிறது. தலைப்பே அந்த அவஸ்தைதான். இரண்டாவதில் ஹரிபிரசாத் சௌராஸியாவின் புல்லாங்குழலுக்கு வயலின் கூட்டம் பாய் விரிக்கிறது. அழகாகத்தான் இருக்கிறது, அதுதான் சங்கடம்.

ஒரகடத்தில் ஷிப்ட் முடிந்து வாலாஜாபாத் திரும்பும் கம்பெனி பஸ்ஸில் இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டிருக்கிறேன். பஸ்ஸே தூங்கும். குழல் என்னையும் தூங்கவைத்துவிடும். வயலின் விடாது. விழித்திருந்தபடியே ஒருமுறை இறங்கவேண்டிய நிறுத்தத்தைத் தவறவிட்டேன்.