கொழும்பு மேடையில் நாவன்மையின் மரபுகள்

பிறர் நெஞ்சைத் தம் கருத்துக்கு இசைவிக்கும் பேச்சினை ஆராயப் புகுந்த திருவள்ளுவர், சொல்வன்மை, அவையறிதல், அவையஞ்சாமை என மூன்று அதிகாரங்கள் வகுத்து, நாவின் திறத்தை ஒன்றிலும், கேட்போரின் இயல்பை மற்றொன்றிலும், பேசுவோனது நெஞ்சுறுதியைப் பிறிதொன்றிலும் வைத்தார். யவன தேசத்து அரிஸ்டாட்டிலும் பேசுவோனின் குணம், கேட்போரின் உணர்ச்சி, பொருளின் நியாயம் என இதற்கு அணித்தானதொரு பாகுபாடே செய்தார். வள்ளுவர் கூறிய மூன்றனுள் அவையறிதலே தலையாயது என்பது என் துணிபு. ஈழத்து மேடை மரபுகளை மதிப்பிடுதற்கும் அதுவே தக்க அளவுகோல்.

அம்மரபுகளுள் மூத்தது புராணபடனம். கோயில் மண்டபத்திலே ஒருவர் கந்தபுராணச் செய்யுளை இராகத்தோடு வாசித்து நிறுத்த, அருகிருக்கும் மற்றொருவர் பதம் பிரித்து, அன்வயப்படுத்தி, பொருள் விரித்துப் பயன் சொல்லுவர். பயன் சொல்பவர் மனம்போனவாறு ஓட இயலாது; செய்யுள் அவரைக் கட்டும். எதிரே நூலறிந்த முதியோரும், ஏடறியாத எளியோரும், சிறுவரும் ஒருங்கே அமர்ந்திருத்தலின், முதியோர் பிழை காணாவண்ணமும் சிறுவர் சலிப்படையாவண்ணமும் ஒரே வாக்கியத்தைச் சமைத்தல் வேண்டும். பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை கந்தபுராண கலாசாரம் என்று போற்றிய வாழ்வு இப்பயிற்சியோடு பிணைந்தது. சபையின் முகங்களைப் படிக்கக் கற்பிப்பதில் இதற்கு நிகரான பாடசாலை நம்மிடையே வேறொன்று இருந்ததில்லை.

அடுத்தது பிரசங்க மரபு. பேர்சிவல் பாதிரியாரோடு வேதாகம மொழிபெயர்ப்பில் உழைத்து, மிஷனரிமார் ஜனங்களிடம் பேசும் முறையை அருகிருந்து அறிந்த ஆறுமுக நாவலர், 1847 டிசம்பர் 31ஆம் திகதி வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே சைவப் பிரசங்கத்தைத் தொடங்கி, சுக்கிரவாரந்தோறும் அதனை நடத்தலானார். ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டு, அதனை நிறுவி, எதிர்வாதங்களுக்கு விடை கூறி முடிக்கும் இம்முறைக்கு 1849இல் திருவாவடுதுறை ஆதீனம் அளித்த நாவலர் என்னும் பட்டமே நற்சான்று. தம் இறுதியாண்டாகிய 1879இல், சட்டநிரூபண சபை அங்கத்துவத்துக்குப் பொன்னம்பலம் இராமநாதனை ஆதரித்தபோது, அந்நாவன்மை சமய எல்லையைக் கடந்து அரசியலுக்கும் பயன்பட்டது.

கொழும்பின் சபையோ வேறு. யாழ்ப்பாணத்துக் கந்தோர் உத்தியோகத்தரும், செட்டியார் தெரு வர்த்தகரும், மலைநாட்டிலிருந்து வந்தோரும், முஸ்லிம் அன்பரும் ஓரிடத்திற் கூடும் நகரத்தில், எல்லாருக்கும் பொதுவான புராண அறிவை முற்கோளாகக் கொண்டு பேசுதல் இயலாது. 1897 ஜனவரியில் கொழும்பில் வந்திறங்கிய சுவாமி விவேகானந்தர் இங்கு ஆற்றிய ஆங்கிலப் பிரசங்கத்தின் நினைவு மங்குமுன்னே, 1902இல் விவேகானந்த சபை தோன்றியது. கொட்டாஞ்சேனைப் பக்கத்தில் அச்சபையும், வெள்ளவத்தையில் இராமகிருஷ்ண மிஷனும், 1942இல் உதித்த கொழும்புத் தமிழ்ச் சங்கமும் இக்கலப்புச் சபைக்குப் பேசும் மேடைகளாயின.

நியாயஸ்தலமும் ஒரு பள்ளியே. கிரிமினல் வழக்குகளில் புகழீட்டிய ஜி. ஜி. பொன்னம்பலம் கம்பீரமான வாக்கினால் மன்றையும் மேடையையும் ஆண்டவர். சிவில் வழக்கறிஞரான சா. ஜே. வே. செல்வநாயகமோ தாழ்ந்த குரலினர். பிற்காலத்தில் நோயினால் அக்குரலும் நலிந்து, அருகிருப்போரும் செவி சாய்த்தே கேட்க வேண்டியதாயிற்று. ஆயினும் 1949இல் மருதானையில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கிய அவரது சொல்லுக்கு ஒரு தலைமுறை கட்டுப்பட்டு நின்றது. சொன்னவாறு ஒழுகுவார் என்ற நம்பிக்கை குரலின் குறையை நிரப்பியது. நாவன்மை தொண்டையிலே பிறப்பது என்று எண்ணி அஞ்சும் இளைஞர் இவர் சரித்திரத்தை ஊன்றிப் படித்தல் வேண்டும்.

பட்டிமண்டபம் மணிமேகலைக் காலத்திலேயே பெயர் பெற்றது. 1980இல் யாழ்ப்பாணத்தில் தோன்றிப் பின் கொழும்பிலும் வேரூன்றிய கம்பன் கழகம் அதனையும் வழக்காடு மன்றத்தையும் இந்நகருக்கு ஆண்டுவிழாவாக்கித் தந்தது. காவியத்தை ஆதாரமாக நிறுத்தி இருபுறமும் வாதிக்கும்போது இளையோர் புத்தி கூர்மையடைவதைக் கண்டு நான் மகிழ்ந்ததுண்டு. ஆனால் கைதட்டலை நாடிய விகடம் வாதத்தை விழுங்கும் மேடைகளும் பெருகிவிட்டன. சிரித்துக் கலைந்த சபை, எதனை ஒப்புக்கொண்டோம் என்று வீடு சேர்ந்தபின் சொல்ல அறியாதாயின், அங்கே பேச்சு தோற்றது என்றே கொள்ள வேண்டும்.

புறக்கோட்டைப் புடைவைக் கடையிலே விலை கூறுபவர்க்கும், வங்கி முகாமையாளரிடம் கடன் வேண்டுபவர்க்கும், மேலதிகாரியின் முன் தம் ஆலோசனையை வைப்பவர்க்கும் மேற்சொன்ன மரபுகளுள் பெரிதும் உதவுவது பயன் சொல்லும் முறையே. கேட்பவர் முன்னரே அறிந்ததும் நம்புவதும் யாவை என்று ஓர்ந்து, அங்கிருந்து தொடங்கி, பதம் பதமாகப் பொருளை விளக்கி, ஐயம் தோன்றும் இடத்தில் நின்று தெளிவித்துச் செல்வதே அது. ஆகவே, நம் கோயில்களில் அருகிவரும் புராணபடனத்தை வருடத்தில் ஒரு மாதமேனும் கொழும்புக் கோயில்களும் சங்கங்களும் மீண்டும் நடத்துதல் வேண்டும்; அதிலே பயன் சொல்லும் ஆசனத்தை முதியோர் இளையோருக்கு விட்டுக்கொடுத்து, தாம் எதிரே அமர்ந்து பிழை திருத்துவாராக.