அம்மாவுக்கு யார் போய்ச் சொல்வது? – ‘அம்ம அறியான்’ குறித்துச் சில எண்ணங்கள்

ஆயுதத்தின் பக்கம் போகும் இளைஞர்களைப் பற்றிய படங்களில் பெரும்பாலானவை ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றன: இவர்கள் செய்தது நியாயமா? கேட்டுவிட்டு அவையே நம் சார்பில் பதிலும் சொல்லிவிடுகின்றன. துப்பாக்கி எடுத்தவனுக்கு ஒரு முன்கதை இருக்கும், அந்த முன்கதையில் ஒரு பண்ணையாரோ ஒரு போலீஸ்காரனோ இருப்பான், அவன் செய்த கொடுமைக்கும் இவன் செய்யும் கொலைக்கும் கணக்கு நேராகிவிடும். பார்வையாளனுக்கு மிச்சமாக எதுவும் விடப்படுவதில்லை. ஜான் ஆபிரகாமின் ‘அம்ம அறியான்’ (1986) இந்தக் கணக்குக்கே வருவதில்லை. செத்துப்போனவனின் அம்மாவுக்கு யார் போய்ச் சொல்வது என்பதுதான் அதன் பிரச்சினை. பார்க்க எளிதாகத் தெரியும் இந்தக் கேள்வி, இயக்கங்களைப் பொறுத்தவரை முந்தையதைக் காட்டிலும் சங்கடமானது என்று எனக்குப் படுகிறது.

சோமனூரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தறி ஓடாத ஒரு குடோனில் காடாத்துணியைத் திரையாகக் கட்டி இந்தப் படத்தைப் போட்டோம். இருபது பேர் இருந்திருப்போம். முடிந்ததும் தறி ஓட்டுகிற நண்பர் ஒருவர் கேட்டார்: “ஏனுங் தோழர், ரெண்டு மணி நேரமா நடந்துட்டேதான இருக்கறாங்க? ஒருத்தனும் ஒண்ணும் செய்யக் காணமே?” கேள்வியில் கேலி இருந்தது, நியாயமும் இருந்தது. 2025 மார்ச், ஏப்ரலில் கூலி உயர்வு கேட்டு ஒரு மாதத்துக்கு மேல் தறிகளை நிறுத்திப் பார்த்த ஊர் இது. செய்வது என்றால் என்ன, செய்யாமல் நிற்பது என்றால் என்ன என்பது இங்கே இருப்பவர்களுக்குப் புத்தகத்திலிருந்து தெரிய வேண்டியதில்லை.

படத்தின் கதை இவ்வளவுதான். புருஷன் என்கிற இளைஞன் அம்மாவிடம் விடைபெற்று தில்லிக்குக் கிளம்புகிறான், கடிதம் எழுதுவதாகச் சொல்லிவிட்டு. வயநாட்டு மலைப்பாதையில் போலீஸ் அவன் வந்த ஜீப்பை மறிக்கிறது. மரத்தில் தூக்கில் தொங்கிய ஓர் உடலை ஏற்றிப்போக வண்டி வேண்டும். அந்த முகம் எங்கோ பார்த்த முகமாக இருப்பது அவனை விடாமல் துரத்துகிறது. தில்லிப் பயணம் நின்றுபோகிறது. விசாரித்து விசாரித்து, அது ஹரி என்று தெரிகிறது. தாளவாத்தியக்காரன், நக்சல் இயக்கத்தில் இருந்தவன், போலீஸ் சித்திரவதைக்கு ஆளானவன். கொச்சியில் இருக்கும் அவன் அம்மாவுக்குச் செய்தி சொல்லப் புறப்படுகிறார்கள். கோழிக்கோட்டிலிருந்து தெற்கே வர வர ஒவ்வோர் ஊரிலும் ஹரியை அறிந்த ஒருவன் சேர்கிறான், அந்த ஒருவனும் தன் அம்மாவிடம் சொல்லிவிட்டே கிளம்புகிறான். ஒருவன் இருவராகி, கொச்சியை அடையும்போது ஒரு கூட்டமே ஆகிவிடுகிறது. வழியெல்லாம் நினைவுகள்: மருத்துவக் கல்வி தனியார்மயமாவதை எதிர்த்த மாணவர் வேலைநிறுத்தம், பதுக்கல் அரிசியை மக்கள் கைப்பற்றியது, 1982 வைப்பின் விஷச்சாராயச் சாவுகள். ‘அம்மா அறிய’ என்று கடிதத்தில் எழுதுவோமே, அதுதான் தலைப்பு. படமே அந்தக் கடிதம்.

ஜானை நமக்கு ‘அக்ரஹாரத்தில் கழுதை’ (1977) வழியாகத் தெரியும். வெங்கட் சாமிநாதன் எழுதிய அந்தப் படத்தில் இருந்த எள்ளல் இதில் அறவே இல்லை. ‘ஒடேசா’ என்ற மக்கள் குழு ஊர் ஊராகப் போய், சாப்ளினின் ‘தி கிட்’ படத்தைத் திரையிட்டு, சனங்களிடம் சில்லறையாகத் திரட்டிய பணத்தில் எடுக்கப்பட்டது இது. தயாரிப்பாளன் என்ற ஒற்றை ஆள் கிடையாது. திரையில் ஓர் உடலுக்காக ஆள் சேர்ந்த மாதிரியே திரைக்கு வெளியே ஒரு படத்துக்காகக் காசு சேர்ந்திருக்கிறது. வடிவமும் உற்பத்தி முறையும் இப்படி ஒன்றாகிப்போன வேறொரு இந்தியப் படத்தை நான் பார்த்ததில்லை. நண்பர் குறைப்பட்ட அந்த ‘நடை’யை இங்கிருந்துதான் படிக்க வேண்டும். நடப்பதுதான் அவர்கள் செய்வது. அதிகாரம் சவக்கிடங்கில் பெயரில்லாமல் போட்டுவைத்த உடலுக்கு அவர்கள் பெயர் தேடித் தருகிறார்கள்.

ஜானை ‘அனார்க்கிஸ்ட்’ என்று சொல்லாதவர்கள் இல்லை. குடி, நாடோடி வாழ்க்கை, 1987இல் கோழிக்கோட்டில் மாடியிலிருந்து விழுந்து நேர்ந்த சாவு எல்லாவற்றையும் இந்த ஒரு சொல்லில் அடைத்துவிடுகிறார்கள். தமிழில் ‘அராஜகம்’ என்றால் அக்கிரமம் என்றே பொருள். அறுபதுகளின் இறுதியில் கட்சியைவிட்டுப் போன பையன்களைத் திட்டவும் இந்தச் சொல்தான் கைகொடுத்தது. ஆனால் அரசின்மை என்ற கோட்பாட்டைக் குறித்து 1928இல் பகத்சிங் ‘கீர்த்தி’ இதழில் தொடர் எழுதியிருக்கிறான். சென்னையில் பிறந்த எம்.பி.டி. ஆச்சார்யா, வ.வே.சு. ஐயரோடு லண்டன் இந்தியா ஹவுஸில் இருந்தவர், 1920இல் தாஷ்கண்டில் கம்யூனிஸ்ட் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவர், பிறகு கட்சியை விட்டு வெளியேறி அரசின்மைவாதியாகவே 1954இல் பம்பாயில் இறந்தவர். குண்டிலிருந்து கிளம்பி குண்டை மறுப்பதற்கு வந்து சேர்ந்த இந்தத் தமிழரைப் பற்றி நம் இடதுசாரிச் சொல்லாடலில் பேச்சே இல்லை. அந்த மௌனத்தைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

படத்துக்கு வருவோம். ஹரி என்ன செய்தான் என்பதை ஜான் காட்டுவதில்லை. யாரையாவது கொன்றானா? தெரியாது. அவன்மேல் நிகழ்ந்த வன்முறை தெரிகிறது, அவன் நிகழ்த்தியிருக்கக்கூடிய வன்முறை இருட்டில் இருக்கிறது. கடைசியில் அவன் தன் கையாலேயே தன்னை முடித்துக்கொண்டான். இங்கேதான் படம் இயக்கத்தின் இடுப்பில் கை வைக்கிறது. என்கவுண்டரில் செத்திருந்தால் தியாகி. சுவரொட்டி உண்டு, ஆண்டுதோறும் அஞ்சலி உண்டு. தூக்குப் போட்டுக்கொண்டவனை எந்தப் பட்டியலில் வைப்பது? அவன் கோழையா, கைவிடப்பட்டவனா? நம் இயக்க வரலாறுகள் இப்படிப்பட்டவர்களை ஆல்பத்திலிருந்து சத்தமில்லாமல் எடுத்துவிடுகின்றன. 2010 வாக்கில் திருப்பூரில் தொழிலாளர் தற்கொலைகள் செய்தியானபோது தொழிற்சங்க மேடைகளில் அதைப் பேசத் திணறியதையும் இதோடு சேர்த்துத்தான் பார்க்கிறேன். வெளியே திரும்பாத வன்முறை உள்ளே திரும்பும்போது அதற்கு நம்மிடம் மொழி இல்லை. கொச்சியில் ஹரியின் அம்மா, இவர்கள் வாய் திறக்குமுன்னே, தற்கொலைதானே என்று கேட்டுவிடுகிறாள். கூட்டமாக வந்தவர்கள் கொண்டுவந்த செய்தி அவளிடம் ஏற்கனவே இருந்தது.

சோமனூரிலிருந்து கோவை போகிற வழியில், அவினாசி சாலையில் சின்னியம்பாளையம் இருக்கிறது. ரங்கவிலாஸ் மில் தொழிலாளர்கள் ராமையன், ரங்கண்ணன், வெங்கடாசலம், சின்னையன் நால்வரும் 1946 ஜனவரி 8 அன்று கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். பெண் தொழிலாளி ஒருத்தியின் மேல் கைவைத்த நிர்வாகத்து அடியாள் ஒருவன் கொல்லப்பட்ட வழக்கு. அவர்களுக்கு நினைவிடம் உண்டு, ஒவ்வோர் ஆண்டும் கொடி ஏறுகிறது. இதே கோவை தந்த இன்னொருவர் எல். அப்பு, தொழிற்சங்கத்திலிருந்து நக்சல்பாரிப் பாதைக்குப் போனவர், 1970இல் காணாமல் ஆக்கப்பட்டார். உடல் கிடைக்கவில்லை. நால்வருக்கும் அப்புவுக்கும் நடுவே இருக்கிற கால் நூற்றாண்டில் எது மாறியது? நால்வரின் சாவை மில்லே அறிந்திருந்தது, அறிவிக்க யாரும் நடக்க வேண்டியிருக்கவில்லை. அப்புவின் காலத்தில் ரகசியம் என்பதே அமைப்பாகிவிட்டது. அரசும் மறைத்தது, கட்சியும் மறைந்திருந்தது. அந்த இடைவெளியில்தான் அம்மாக்கள் ஒன்றும் தெரியாதவர்களாக்கப்பட்டார்கள்.

ஜானோடு எனக்குச் சண்டையும் இங்கேதான். நடப்பவர்கள் அத்தனை பேரும் ஆண்பிள்ளைகள், அம்மாக்கள் வாசலோடு சரி. துயரம் அவர்களுடையது, அரசியல் மகன்களுடையது. பனியன் கம்பெனியில் செக்கிங் மேசையில் நின்றும், தறியில் ஊடை போட்டும் குடும்பம் காக்கிற பெண்களுக்கு இந்தப் பங்கீடு ஒத்துவராது. சின்னியம்பாளையம் கதை தொடங்குவதே ஒரு பெண் தொழிலாளியிடமிருந்துதான். அன்று குடோனில் பின்வரிசையில் இருந்த ஓர் அம்மா சொன்னது: “அந்தம்மாகிட்ட வந்து சொல்றக்கு இத்தன பேரு எதுக்குங்க? அவன் உசுரோட இருக்கறப்ப இதுல ரெண்டு பேரு கூட இருந்திருக்கோணும்.”

இரண்டாவது சண்டை இன்னும் பெரியது. ஊர்வலம் தோழர்களின் அம்மாக்களை மட்டுமே சந்திக்கிறது. படம் தொடங்குகிற அதே வயநாட்டில் 1968 நவம்பரில் புல்பள்ளிப் போலீஸ் முகாம் தாக்குதலில் ஒரு காவலர் கொல்லப்பட்டார். அவருக்கும் அம்மா உண்டு. நம் பக்கத்தில், 1987 மார்ச் 15 அன்று மருதையாற்றுப் பாலத்தில் வைத்த குண்டால் மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து, எந்தப் பக்கமும் இல்லாத பயணிகள் செத்தார்கள். அந்த வீடுகளுக்கு யார் நடந்தது? அந்தச் சம்பவத்தை நினைவூட்டும் ரயில் காட்சியோடுதான் வெற்றிமாறனின் ‘விடுதலை’ (2023) தொடங்குகிறது. உடைந்த பெட்டிகளுக்குள் காமிரா வெட்டில்லாமல் நீண்டநேரம் அலைகிறது. ஆனால் அந்தக் காட்சி முடிந்ததும் செத்தவர்களைப் படம் மறந்துவிடுகிறது. மிச்சம் முழுக்க வாத்தியார் ஏன் ஆயுதம் எடுத்தார் என்பதற்கான விளக்கம். இரண்டாம் பாகம் (2024) அந்த விளக்கத்தின் விரிவு. விளக்கம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் தன் அம்மாவிடம் சொல்ல முடிகிற வன்முறைக்கும், கொல்லப்பட்டவனின் அம்மாவிடம் போய்ச் சொல்ல முடிகிற வன்முறைக்கும் வித்தியாசம் இருக்கிறது. பின்னதை எந்தப் படமும் இதுவரை தொடவில்லை, ஜான் உட்பட.

கேரளத்தில் தோழர் வர்கீஸ் 1970 பிப்ரவரியில் திருநெல்லிக் காட்டில் மோதலில் இறந்தார் என்றுதான் போலீஸ் சொல்லிவந்தது. 1998இல், தான்தான் மேலதிகாரி உத்தரவுப்படி அவரைப் பிடித்துவைத்துச் சுட்டதாக ஒப்புக்கொண்டவர் ராமச்சந்திரன் நாயர் என்கிற முன்னாள் கான்ஸ்டபிள். 2010இல் முன்னாள் ஐ.ஜி. லட்சுமணாவுக்கு ஆயுள்தண்டனை கிடைத்தபோது நாயர் உயிரோடு இல்லை. இருபத்தெட்டு வருஷம் கழித்துச் செய்தி கொண்டுவந்தவன் தோழன் அல்ல, சுட்டவன். அப்புவின் உடல் எங்கே என்று இங்கே இன்னும் யாரும் வந்து சொல்லவில்லை.