அஞ்சிய யாத்திரிகர்

விசுவாசம் வந்துவிட்டால் அச்சம் போய்விடும். அச்சம் இருக்குமானால் விசுவாசம் குறைவு என்பது கிறித்துவப் பிரசங்கங்களில் அடிக்கடி கேட்கப்படும் கருத்து. சொல்வதற்கு எளிது. நோயாளியின் கட்டிலருகே நின்று சொல்லிப் பார்த்தால்தான் அதன் கொடுமை விளங்கும். இதனை மறுப்பதற்குத் தத்துவ நூல்களைத் தேடி அலைய வேண்டுவதில்லை. 'மோட்சப் பிரயாணம்' எனத் தமிழில் வழங்கும் ஜான் பனியனின் நூலே போதும்.

ஆனால், 1678இல் வெளிவந்த முதற் பாகத்தோடு நின்றுவிடுவோரே மிகுதி. கிருஷ்ண பிள்ளை 1894இல் வெளியிட்ட இரட்சணிய யாத்திரிகமும் அம்முதற் பாகத்தையே தழுவியது. காப்பியத்திற்கு எதிர்நின்று பொரும் தலைவன் வேண்டுமன்றோ? ஆதலால், 1684இல் வந்த இரண்டாம் பாகத்தின் அரியதொரு மனிதரைக் காப்பியம் மட்டும் கற்றோர் அறியார். பனியன் அவருக்கு இட்ட பெயரே அச்சத்தைக் குறிப்பது. தமிழில் 'அஞ்சுவார்' எனலாம்.

அவநம்பிக்கைச் சேற்றின் கரையில் ஒரு மாதத்திற்கு மேல் அழுது கிடந்தவர் அவர். பிறர் கைகொடுத்தும் இறங்கவில்லை. ஊருக்குத் திரும்பவும் இல்லை. ஒரு நாள் காலை வெயில் எறிக்கையில் எப்படியோ கடந்துவிட்டார். கடந்ததைத் தாமே நம்பவில்லை. வாயிலை அடைந்தும் தட்டத் துணியாது, வந்தவர்க்கெல்லாம் வழிவிட்டு ஒதுங்கி நின்றார். ஆயினும், மலையேற்றம் அவரைத் தளர்த்தவில்லை. சிங்கங்கள் அவரை மருட்டவில்லை. மாயச் சந்தையிலோ அங்குள்ளாரோடு சண்டைக்கே நின்றார்!

அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என நான்கினால் அச்சம் பிறக்கும் என்பது தொல்காப்பியம். அஞ்சுவாருக்கு விலங்கு பொருட்டன்று. மரண நிழற் பள்ளத்தாக்கில் பேய்களுக்கு அஞ்சி அலறினார் என்பது உண்மையே. ஆனால், அவரை வழிநெடுக வாட்டியது நான்காவதே: தம் இறைவன் தம்மை ஏற்பானோ என்பது. நம்பாதவனுக்கு இவ்வச்சம் வாராது. விசுவாசத்தின் வயிற்றிலேயே பிறந்த அச்சம் இது; இதனை விசுவாசக் குறைவென்று எங்ஙனம் கூறுவது?

பனியன் இதனைக் கற்பனையால் மட்டும் எழுதவில்லை. அனுமதியின்றிப் பிரசங்கித்தார் என்று 1660இல் சிறைப்பட்டுப் பன்னிரண்டு ஆண்டுகள் பெட்ஃபோர்டில் கிடந்தவர் அவர். பிரசங்கத்தை விட்டுவிடுவதாக ஒரு வாக்குக் கொடுத்திருந்தால் வெளியே வந்திருக்கலாம். கண்ணில்லாத மகளை எண்ணி நெஞ்சுடைந்ததையும், தூக்குமேடை ஏறுகையில் முகம் வெளுத்து முழங்கால் நடுங்கினால் தம் நோக்கத்திற்கே இழுக்காகுமே என்று வெட்கியதையும் 1666இல் வெளியிட்ட தன்வரலாற்றில் ஒளிக்காமல் கூறுகிறார். இறுதியில் அவர் கண்ட முடிவு விந்தையானது. இறைவன் ஆறுதல் தந்தாலும் தராவிட்டாலும், மோட்சமோ நரகமோ, கண்ணை மூடிக்கொண்டு குதித்துவிடுவது என்பதே அது. அச்சம் போகவில்லை; அதனோடு செய்யவேண்டியதைச் செய்யத் துணிந்தார்.

இதனோடு ஒப்பிடுகையில் அஞ்சுவாரின் முடிவு சற்று மென்மையானதே. மரண ஆற்றை அவர் அடைந்தபோது நீர் என்றுமில்லாதபடி வற்றிக் கிடந்தது. அடி நனைந்ததோடு கரையேறிவிட்டார். அவருடைய அச்சத்தைக் குறைக்காமல் ஆற்றைக் குறைத்தது பனியனின் இரக்கம். ஆழமான நீரிலே இறங்க நேர்ந்தோர்க்கு இக்காட்சி என்ன சொல்லும் என்ற வினா எழாமற் போகாது. இவ்வகையில், சிறையில் எழுதிய தன்வரலாறே உருவகக் கதையினும் வலிமை வாய்ந்தது என்று கொள்வதில் தவறில்லை.

மற்றொரு குறையும் உண்டு. அஞ்சுவாரை நாம் நேரே காண்பதில்லை. அவர் ஆற்றைக் கடந்துபோன பின்னர், வழித்துணையாய் வந்த பெருநெஞ்சன் அவர் கதையைப் பிறர்க்குச் சொல்லவே கேட்கிறோம். குறையென்றாலும் அதிலே ஒரு பயன் இருக்கிறது. கதை முடிந்ததும் கிறிஸ்தியானாள் வாய் திறக்கிறாள். தன்னைப்போல் நடுங்கியவர் வேறொருவரும் இருந்திரார் என்று அதுகாறும் எண்ணியிருந்ததாகக் கூறுகிறாள். அவளையடுத்து அவள் மகனும், உடன் வந்த பெண்ணும் தத்தம் அச்சத்தை ஒவ்வொருவராய் ஒப்புக்கொள்கின்றனர்.