குப்பை வேளையும் கதவடைத்த பெண்ணும்

சிறுபாணாற்றுப்படையில் ஒரு சமையலறை வருகிறது. பழஞ்சுவரைக் கரையான் அரித்திருக்கிறது, தரையில் காளான் பூத்திருக்கிறது. அண்மையில் குட்டி போட்ட நாய் பசியில், பால்குடிக்க வரும் குட்டிகளைத் தாங்க மாட்டாமல் குரைக்கிறது. கிணைமகள் குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி வந்து உப்பில்லாமல் வேகவைக்கிறாள். புறம்பேசுகிறவர்கள் பார்த்துவிடக் கூடாது என்று கதவைச் சாத்திவிட்டுச் சுற்றத்தோடு உண்கிறாள்.

தேர்வைப் பொறுத்தவரை இது வறுமைச் சித்திரிப்பு, ஐந்து மதிப்பெண். இன்றைய உணவுப் பேச்சின் கண்ணோடு படித்தால், அவள் உண்டது முழுக்க முழுக்க உள்ளூர் உணவு. உரம் இல்லை, மருந்து இல்லை, லாரி இல்லை, இடைத்தரகர் இல்லை. இதைப் போன்ற கீரைகள் இப்போது நகரத்து இயற்கை அங்காடிகளில் பிரம்புக் கூடைகளில் அழகாக அடுக்கப்பட்டிருக்கின்றன. வாங்கி வருகிறவர்கள் கதவை அடைப்பதில்லை, படம் எடுத்துப் போடுகிறார்கள். வேறு வழியில்லாமல் உண்பதும் விரும்பித் தேர்ந்து உண்பதும் ஒன்றல்ல. 'மரபு உணவு' என்ற சொல் இந்த வேறுபாட்டை மிக எளிதாக மறைத்துவிடுகிறது.

அருகில் விளைந்ததை வாங்கி உண்ண வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. பணம் ஊருக்குள் சுற்றும், விதைகள் பிழைக்கும், காய்கறி வாடாமல் வரும். 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டபோது, விளைவித்தவரே விற்க வேண்டும் என்ற எளிய நியாயம் அதன் பின்னால் இருந்தது. அந்த நியாயத்தை நான் இன்றும் மதிக்கிறேன். என் கேள்வி அடுத்தது: விளைவித்தவர் என்று யாரைச் சொல்கிறோம்?

உழவர் சந்தையில் கடை போட அடையாள அட்டை வேண்டும். அட்டைக்குச் சாகுபடி நிலத்தைக் காட்ட வேண்டும். நாற்று நட்டவள், களை பறித்தவள், விதையைச் சாம்பலில் புரட்டிப் பானையில் காத்தவள் காட்டுவதற்கு என்ன வைத்திருக்கிறாள்? 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் சாகுபடி நிலத்தைத் தம் பொறுப்பில் நடத்துகிறவர்களில் பெண்கள் ஏறத்தாழ 14 விழுக்காடுதான். தமிழ்நாடு 1989-லேயே மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சம உரிமை தந்தது. நாடு முழுவதற்கும் அது வர 2005 ஆனது. ஆனால் தமிழ்நாட்டுத் திருத்தம், அதற்கு முன்பே திருமணமான மகள்களை வெளியே நிறுத்தியது. அப்போது வயலில் உச்சமாக உழைத்துக்கொண்டிருந்த ஒரு தலைமுறைப் பெண்கள் அவர்கள். அதன் பிறகும், சீர் செய்தாயிற்றே என்று சொல்லி விடுதலைப் பத்திரத்தில் தங்கையிடம் கையெழுத்து வாங்கும் அண்ணன்களுக்குப் பஞ்சமில்லை. 'உள்ளூர் விவசாயியை ஆதரிப்போம்' என்ற வாசகத்துக்கு மேலே மீசையும் தலைப்பாகையுமாக ஓர் ஆணின் படம் இருப்பது தற்செயல் அல்ல.

வயலை விட்டு அடுப்படிக்கு வருவோம். 2023 பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடப்பட்டது. வரகும் சாமையும் குதிரைவாலியும் ஏன் நம் அடுக்களையை விட்டுப் போயின என்பதற்கு மேடைகளில் அரிசி மோகம், அரசுக் கொள்கை என்று காரணங்கள் சொல்லப்படுகின்றன. இரண்டிலும் உண்மை உண்டு. மூன்றாவது காரணத்தை மேடை சொல்வதில்லை: உலக்கை. வரகின் உமி லேசில் விடாது. பொழுது விடியுமுன் குத்தி, புடைத்து, மறுபடி குத்தி, கல் நீக்கினால்தான் அது உலைக்குப் போகும். ரேஷன் அரிசி வந்தபோது ஒரு பெண்ணின் தோளிலிருந்து இறங்கிய பாரத்தை யாரும் கணக்கெழுதவில்லை. கிரைண்டர் வந்தபோதும் அப்படித்தான். 'ஆட்டுக்கல்லில் அரைத்த ருசி வருமா, அந்தக் காலத்துப் பெண்களுக்கு அதுவே உடற்பயிற்சி' என்று பேசுகிறவர்களின் உள்ளங்கையில் காய்ப்பு இருப்பதில்லை.

குறுந்தொகையில் கூடலூர் கிழார் பாட்டு ஒன்று (167) உண்டு. புது மனைவி தயிர் பிசைந்த விரலை ஆடையிலேயே துடைத்துக்கொண்டு, தாளிப்புப் புகை கண்ணில் ஏறச் சமைக்கிறாள். கணவன் இனிது என்று உண்கிறான். அவள் முகம் மலர்கிறது. இல்லறத்தின் இனிமைக்குச் சான்றாக இதைத் தலைமுறை தலைமுறையாகக் கற்பித்து வருகிறோம். என் மாணவி ஒருத்தி கேட்டாள், "மேடம், அவ சாப்பிட்டாளா?" பாட்டில் அதற்குப் பதில் இல்லை. 'பாட்டி கைப்பக்குவம்' என்று விற்கப்படும் ஒவ்வொரு பொட்டலத்தையும் பார்த்து அதே கேள்வியைக் கேட்கலாம்.

உள்ளூர் என்பதற்குள் எந்தத் தெரு வரும் என்றும் கேட்க வேண்டும். வயல் நண்டும் நத்தையும் வயலெலியும் மாட்டிறைச்சியும் இந்த மண்ணின் உணவுதான். நான் பார்த்த மரபு உணவு விழாக்களில் இவற்றுக்கு இலை போடப்படவில்லை. மாப்பிள்ளைச் சம்பாவுக்கு இருந்த இடம் மாட்டுக்கறிக்கு இல்லை. அந்த நெல்லை நட்ட கைகளுக்கும் இல்லை. கீழத்தஞ்சையின் நெல்லைப் பெருமையோடு பேசும்போது கீழ்வெண்மணியையும் பேசத்தான் வேண்டும். கூலி நெல் கூடுதலாகக் கேட்ட போராட்டத்தின் முடிவில், 1968 டிசம்பர் 25 இரவு, 44 தலித் மக்கள் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். உள்ளூர் நெல்லின் வரலாற்றில் அந்தக் குடிசையும் இருக்கிறது.

இதற்கு மாற்று இல்லாமல் இல்லை. தெலங்கானாவின் ஜஹீராபாத் பகுதியில், தக்காண வளர்ச்சிச் சங்கத்தோடு இணைந்த தலித் பெண்களின் சங்கங்கள் தரிசு நிலங்களைத் திருத்திச் சோளம் விளைவித்தன. அதைத் தம் ஊர்களிலேயே சேமித்து, ஏழைக் குடும்பங்களுக்குக் குறைந்த விலையில் தந்தன. விதையும் அந்தப் பெண்களிடம், களஞ்சியமும் அவர்களிடம், யாருக்குத் தருவது என்ற முடிவும் அவர்களிடம். நாகை, திருவாரூர்ப் பகுதிகளில் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் நிலமற்ற தலித் குடும்பங்களுக்கு நிலம் பெற்றுத் தந்தபோது, பெண்கள் பெயரில் பதியச் செய்தார். இங்கெல்லாம் உணவு பற்றிய பேச்சு பட்டாவிலிருந்து தொடங்கியது.

எனவே இதைப் படிக்கும் மாணவிகளிடம் நான் வேண்டுவது: பக்கத்து ஊர்க் கத்தரிக்காயை வாங்குங்கள். வாங்கும்போது பறித்தவளுக்கு என்ன கூலி என்று கேளுங்கள். வீட்டில் வரகு சமைக்கச் சொல்கிறவரிடம், கல் பொறுக்கும் முறத்தை நீட்டுங்கள். நிலம் இருக்கும் வீட்டில் பிறந்திருந்தால், விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்திடும் முன் அதில் எத்தனை சென்ட் எழுதியிருக்கிறது என்று படித்துப் பாருங்கள்.