பூச்சியியலில் ‘வளர்ப்பு’ என்னும் கலைச்சொல்: ஒரு மதிப்பீடு

முன்னுரை

குமரி மாவட்டத்தில் ‘திசு வளர்ப்பு’ என்றதும் நினைவுக்கு வருவது வாழைக்கன்று. சிறு குருத்துத் துண்டிலிருந்து பல கன்றுகளைப் பெருக்கும் அத்தொழில்நுட்பத்திற்கு அச்சொல் பொருந்துகிறது. பூச்சியின் உறுப்பை உடலுக்கு வெளியே உயிருடன் வைத்திருக்கும் முறையையும் ‘வளர்ப்பு’ என்றே வழங்கும்போது பொருள் மயங்குகிறது. அம்மயக்கத்தை இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

இருவேறு செயல்கள்

1954இல் ராம்சே குச்சிப்பூச்சியின் மால்பீஜியன் குழல்களைப் பிரித்தெடுத்து, திரவப் பாரஃபினுள் அமைந்த சிறுதுளியில் வைத்து, அவை சுரந்த நீர்மத்தை ஆராய்ந்தார். அங்கு எதுவும் வளரவில்லை. கழிவுறுப்பு தன் பணியைத் தொடர்ந்தது. 1962இல் ஆஸ்திரேலியாவில் கிரேஸ் செய்தது வேறு. அந்துப்பூச்சியின் சூலகத் திசுவிலிருந்து இடையறாது பெருகும் செல் வழிகளை அவர் உருவாக்கினார். 1967இல் புனே வைரஸ் ஆராய்ச்சி மையத்தின் கே.ஆர்.பி. சிங், ஏடிஸ் அல்போபிக்டஸ், ஏடிஸ் எஜிப்தி கொசுக்களின் இளம்புழுக்களிலிருந்து செல் வளர்ப்புகளைப் பெற்றார். முன்னதன் வழிவந்த சி6/36 செல்கள் இன்று டெங்கு, சிக்குன்குன்யா வைரஸ்களைப் பிரித்தெடுக்கப் பயன்படுகின்றன. ரப்பர்த் தோட்டங்களில் பால் வடிக்கும் சிரட்டைகளில் தேங்கும் மழைநீரில் பெருகுவதும் ஏடிஸ் அல்போபிக்டஸே. ஆகவே இவ்வேறுபாடு குமரிக்கு அயலானதன்று.

மயக்கத்தின் விளைவு

சி6/36 செல்களில் வைரஸை எதிர்க்கும் ஆர்.என்.ஏ. குறுக்கீட்டு முறை குறைபட்டுள்ளது. வைரஸ் அங்கு எளிதில் பெருகுவதற்கு அதுவும் ஒரு காரணம். உயிருள்ள கொசுவின் நடுக்குடலோ வைரஸுக்குத் தடையாகவும் அமையக்கூடும். பிரித்தெடுத்த குடலில் கண்டதும் செல் வழியில் கண்டதும் ஒரே சான்று ஆகா. இரண்டையும் ஒரே சொல்லால் கற்கும் மாணவர், செல்லில் பெருகிய வைரஸ் கொசுவிலும் அவ்வாறே பெருகும் எனப் பிழையாக முடிவு செய்ய இடமுண்டு.

மறுப்பும் விடையும்

மார்த்தாண்டத்துத் ‘தேனீ வளர்ப்பு’ என்பதில் ‘வளர்ப்பு’ பேணுதலையே குறிக்கிறது என்று மறுக்கலாம். அம்மறுப்பு வலுவானதே. எனினும் தேனீ வளர்ப்பில் குடும்பங்கள் பெருகுகின்றன. பிரித்தெடுத்த உறுப்போ பெருகாமல், வரையறுத்த காலம் மட்டும் இயங்குகிறது. ஈழத்து வழக்கில் திசு ‘இழையம்’ எனவும் செல் ‘கலம்’ எனவும் வழங்கும். அப்பெயர்களை ஏற்பினும் சிக்கல் தீராது; குறை பெயரில் இல்லை, வினையில் உள்ளது.

முடிவுரை

பெருக்கம் நிகழுமிடத்தில் ‘செல் வளர்ப்பு’ நிலைக்கலாம். உறுப்பின் அமைப்பும் பணியும் காக்கப்படுமிடத்தில் ‘உறுப்புப் பேணல்’ என்பதே செய்முறையை உள்ளவாறு உணர்த்தும்.