துறையைக் கொடுத்த தஞ்சை

கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் ஒரு தங்க ஓலை இருக்கிறது. தஞ்சை நாயக்கர் இரகுநாதர் டென்மார்க் அரசர் நான்காம் கிறிஸ்டியனுக்குத் தமிழில் அனுப்பிய கடிதம் அது. டென்மார்க்கின் கடற்படைத் தளபதி ஓவே யெட்டே 1620 நவம்பரில் தஞ்சையோடு செய்துகொண்ட உடன்படிக்கைப்படி, தரங்கம்பாடியில் கோட்டை கட்டிக்கொள்ளவும் வணிகம் நடத்தவும் டேனியருக்கு உரிமை கிடைத்தது. பதிலுக்கு அவர்கள் ஆண்டுதோறும் தஞ்சைக்குப் பணம் கட்ட வேண்டும். நாகப்பட்டினத்தில் போர்த்துகீசியர் அதற்கு முன்பே குடியேறியிருந்தார்கள். 1658-இல் அவர்களை விரட்டிவிட்டு டச்சுக்காரர் வந்தனர். 1739-இல் காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது. 1749-இல் கொள்ளிட முகத்துத் தேவிக்கோட்டை ஆங்கிலேயருக்குப் போனது. நாயக்கரும் அவர்களுக்குப் பின் வந்த மராத்தியரும் கரையைத் துண்டு துண்டாக அன்னியருக்குக் கொடுத்தபடியே இருந்தார்கள்.

நாட்டை விற்றுவிட்டார்கள் என்று இதைப் பழிப்பவர்கள் உண்டு. கலைக்கும் கல்விக்கும் வாரி வழங்கிய மன்னர்கள் வணிகத்துக்கும் வழிவிட்டார்கள் என்று புகழ்பவர்களும் உண்டு. துறையைக் கொடுப்பது ஓர் ஆட்சி முறையாகவே இங்கே நடந்தது. அது எதைச் சாதித்தது, எங்கே முறிந்தது என்று பார்ப்பதுதான் பயன் தரும்.

அந்த முறைக்குக் காரணம் நம் மண்ணிலேயே இருக்கிறது. தஞ்சையின் செல்வம் நெல். வெண்ணாறும் வெட்டாறும் அரசலாறும் பாயும் நன்செய் நிலத்தின் வாரத்தோடு ஒப்பிட்டால் துறைமுகச் சுங்கம் சிறிது. கொள்ளிட முகத்திலிருந்து கோடிக்கரை வரை கப்பல் உள்ளே வந்து நிற்கும் ஆழமான துறை ஒன்றுகூட இயற்கையாக அமையவில்லை. பெரிய கப்பல்கள் கடலிலேயே நங்கூரம் போட, சலங்குகளும் தோணிகளும் அலையைத் தாண்டிச் சரக்கை ஏற்றி இறக்கின. இப்படிப்பட்ட கரையில் கடற்படை கட்டிக் காப்பதைவிட, கப்பல் உள்ளவனிடம் துறையை ஒப்படைத்து ஆண்டுப் பணம் வாங்குவது மலிவு. போர்த்துகீசியரை எதிர்த்து யாழ்ப்பாணத்துக்குப் படை அனுப்பித் தோற்ற இரகுநாதருக்குக் கடலில் தன் கை எவ்வளவு நீளும் என்பது தெரிந்திருந்தது. போர்த்துகீசியருக்குப் போட்டியாக இன்னொரு ஐரோப்பியரை அருகிலேயே குடியமர்த்தியது, அந்தத் தோல்விக் காலத்தில் எடுத்த கூர்மையான முடிவு என்றே நான் கருதுகிறேன்.

இந்த முறையின் பலம் போட்டியில் இருந்தது. ஒரு நாள் நடையில் கடக்கக்கூடிய கரையில் டச்சுக்காரர், பிரெஞ்சுக்காரர், டேனியர் என்று மூன்று கொடிகள் பறந்தன. ஒரு கம்பெனி துணிக்கு விலை குறைத்தால் வணிகர் அடுத்த துறைக்குப் போக முடிந்தது. தஞ்சையின் கையிலும் ஒரு பிடி இருந்தது: இலங்கையின் டச்சுக் கோட்டைகள் சோழமண்டலக் கரையிலிருந்து போன அரிசியை நம்பியிருந்தன. நெல் வரத்தை நிறுத்தினால் நாகையின் டச்சு அதிகாரி பேச்சுக்கு வந்தே ஆக வேண்டும்.

பலத்துக்கு இன்னும் நல்ல சாட்சி நாகூர். டச்சுக் கோட்டை இருந்த நாகப்பட்டினத்துக்கு வடக்கே, கூப்பிடு தூரம் என்று சொல்லலாம், அவ்வளவு பக்கத்தில் இருக்கும் இந்தத் துறையைத் தஞ்சை நெடுங்காலம் எந்தக் கம்பெனிக்கும் கொடுக்கவில்லை. மரைக்காயர்களின் கப்பல்கள் இங்கிருந்து துணியை ஏற்றிக்கொண்டு அச்சேவுக்கும் கெடாவுக்கும் மலாக்காவுக்கும் போய்வந்தன. கம்பெனிகளின் கடற்சீட்டுக்கும் தடைக்கும் நடுவிலும் இந்தப் போக்குவரத்து அறுபடவில்லை. நாகூர் தர்காவின் மினாராக்களில் மிக உயரமானதைக் கட்டிக்கொடுத்தவர் மராத்திய அரசர் பிரதாப சிம்மர். பக்தி அதில் இருந்தது. அதோடு, தன் நாட்டு வணிகரைத் தன்னோடு பிணைத்துக்கொள்ளும் அரசறிவும் இருந்தது. அன்னியருக்குச் சில துறை, நம்மவருக்கு ஒரு துறை என்ற இந்தப் பங்கீடு நன்றாகவே வேலை செய்தது. தஞ்சை அரசர்களுக்குக் கடல் வணிகமே தெரியாது என்பவர்கள் நாகூரைக் கணக்கில் எடுப்பதில்லை.

முறிவு எங்கே வந்தது என்பதை வெனிஸை வைத்துப் பார்த்தால் தெளிவாகும். வெனிஸும் ஆற்றுமுகத்துக் காயலில் எழுந்த நகரம்தான். அதுவும் அன்னிய வணிகரை நம்பியே வாழ்ந்தது. ஆனால் ஜெர்மானிய வணிகர்களை அது வைத்த விதம் வேறு. கால்வாய்க் கரையில் அரசே ஒரு பெரிய விடுதி கட்டியது. 1505-இல் அது எரிந்தபோது அரசே மீண்டும் எழுப்பியது. ஜெர்மானியர் அங்கேதான் தங்க வேண்டும், சரக்கை அங்கேதான் இறக்க வேண்டும். அரசு நியமித்த தரகர் மூலமாகத்தான் வாங்கி விற்க வேண்டும். கீழைக் கடல் வணிகம் வெனிஸ் குடிமக்களுக்கே உரியது. அன்னியனுக்கு அறை கிடைத்தது, மதில் கிடைக்கவில்லை. தஞ்சை கொடுத்ததோ மதில், பீரங்கி, மதிலுக்குள் நீதி வழங்கும் அதிகாரம் எல்லாம் சேர்த்து. டச்சுக்காரர் நாகையில் பெருங்கோட்டை எழுப்பி, 1690-இல் பழவேற்காட்டிலிருந்து தங்கள் தலைமையிடத்தையே அங்கே மாற்றிக்கொண்டார்கள். ஆண்டுப் பணம் தவறாமல் வந்தவரை தஞ்சை அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இன்னொரு வேறுபாடு இதைவிட ஆழமானது. வெனிஸை ஆண்டவர்கள் வணிகக் குடும்பத்தார். ஜெனோவாவில் அரசுக்குக் கடன் கொடுத்தவர்கள் சேர்ந்து 1407-இல் சான் ஜார்ஜோ என்ற வங்கியையே அமைத்தார்கள். பிறகு கோர்சிகா தீவின் ஆட்சியைக்கூட அந்த வங்கி நடத்தியது. கடன்காரன் கையில் ஆட்சி போவது நல்லதல்ல. என்றாலும் அங்கே கடன் கொடுத்தவன் அதே ஊர்க்காரன். தஞ்சையில் கப்பல் வைத்திருந்த மரைக்காயருக்கும் துணி வணிகம் செய்த செட்டியாருக்கும் அரசவையில் இடமில்லை. அவர்கள் சுங்கம் கட்டும் குடிகள், அவ்வளவே. பணமுடை வந்தபோது அரசர் கையேந்திய இடம் அன்னியரின் கோட்டை வாசல்.

அரியணைச் சண்டைகள்தான் அந்த வாசலைத் திறந்துவிட்டன. 1738-இல் பதவி இழந்த தஞ்சை மராத்திய அரசர் சாகுஜி, தன்னை மீண்டும் அமர்த்தினால் காரைக்காலைத் தருவதாகப் புதுச்சேரி ஆளுநர் துய்மாவுக்குச் சொன்னார்; அரியணை கிடைத்ததும் தயங்கினார். ஆற்காட்டு நவாபின் மருமகன் சந்தா சாகிப் படையனுப்பி ஊரைப் பிடித்துப் பிரெஞ்சுக்காரரிடம் ஒப்படைத்தார். 1749-இல் அதே சாகுஜிக்காக ஆங்கிலேயர் படையெடுத்தனர். தேவிக்கோட்டை கிடைத்தவுடன் அவரைக் கைவிட்டுப் பிரதாப சிம்மரோடு உடன்பாடு செய்துகொண்டார்கள். துறை அதுவரை வாடகை வரும் சொத்து. இந்தப் பதினோரு ஆண்டுகளில் அது அரியணைக்குக் கொடுக்கும் விலையாகிவிட்டது. முறை கெட்டது இங்கேதான்.

விளைவு ஊருக்குள் வந்தது. பழைய கடன் பத்திரம் ஒன்றைக் காட்டி 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி தஞ்சையிடம் 56 லட்சம் ரூபாய் கேட்டு வந்தார். வழியில் நாகூரைச் சூறையாடினார், கீவளூர்க் கோயிலையும் விட்டுவைக்கவில்லை. 1773-இல் ஆற்காட்டு நவாபின் நெருக்குதலில் பணத்துக்குத் தவித்த தஞ்சை அரசர் துளஜாஜி, அதுவரை காத்த நாகூரையே டச்சுக்காரருக்கு விற்றார். நவாபும் ஆங்கிலேயரும் அதைப் பறித்துக்கொண்டார்கள். தஞ்சையும் வீழ்ந்து அரசர் சிறைப்பட்டார். 1776-இல் அவரை மீண்டும் அமர்த்திய சென்னை ஆளுநர் பிகட்டை அவருடைய ஆலோசனைச் சபையினரே கைது செய்தார்கள். தஞ்சை வருவாயின் மேல் தனக்குக் கடன் பாத்தியதை உண்டு என்று பால் பென்ஃபீல்டு என்ற கம்பெனி ஊழியர் கிளப்பிய கோரிக்கை அந்தக் கலகத்தின் நடுவில் இருந்தது. கும்பகோணத்துக்கும் மன்னார்குடிக்கும் இடையே விளைந்த நெல், சென்னையில் சிலர் கைமாற்றிக்கொள்ளும் கடன் சீட்டாகியிருந்தது.

அரச குடும்பத்தின் இழப்பைவிட எனக்குப் பெரிதாகப் படுவது ஒன்று உண்டு. 1659 முதல் 1661 வரை பீஜப்பூர்ப் படைகள் வயல்களை அழித்து, பஞ்சம் வந்தபோது, டச்சுக்காரர் தஞ்சை மண்ணின் மக்களை ஆயிரக்கணக்கில் அடிமைகளாக வாங்கி நாகையிலிருந்து இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் கப்பலேற்றினார்கள். துறையைக் கொடுத்துவிட்ட அரசுக்கு, அந்தத் துறை வழியே எது வெளியேறுகிறது என்று கேட்கும் பலமும் போய்விட்டிருந்தது. இந்த முறையின் மிகக் கொடிய குறை இதுதான். வருவாய் எவ்வளவு வந்திருந்தாலும் இதை ஈடுகட்டாது.

தரங்கம்பாடியில் 1706-இல் இறங்கிய ஜெர்மானிய மதபோதகர் சீகன்பால்கு தமிழ் அச்சகம் நிறுவியதைச் சுட்டி, துறையைக் கொடுத்ததால் வந்த நன்மை இது என்பார்கள். பெரிய நன்மைதான். ஆனால் அதை எதிர்பார்த்து யாரும் துறையைக் கொடுக்கவில்லை. நாயக்கரின் கணக்கில் அதைச் சேர்க்க முடியாது.

1797-இல் நெப்போலியனிடம் வெனிஸ் வீழ்ந்தது. 1799-இல் தஞ்சை அரசர் இரண்டாம் சரபோஜி ஆட்சியை ஆங்கிலக் கம்பெனியிடம் ஒப்படைத்தார். வணிகரே ஆண்ட குடியரசும் தப்பவில்லை என்பதால், வணிகரை அவையில் சேர்த்திருந்தால் தஞ்சை பிழைத்திருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். கோட்டைக்கு இடம் கொடுக்காமல், நாகூரை நடத்தியதுபோல மற்றத் துறைகளையும் நடத்தியிருந்தால், வீழ்ச்சிக்கு முந்தைய அரை நூற்றாண்டாவது உழவரும் நெசவாளரும் அன்னியர் கடனுக்கு விளைச்சலைக் கொடுத்திருக்க மாட்டார்கள். 1620-இல் இரகுநாதர் செய்ததை நான் குறை சொல்லவில்லை. 1738-க்குப் பின் அரியணைக்காகத் துறையைப் பேரம் பேசியவர்கள்மேல்தான் குற்றம்.

டேனியர் 1845-இல் தரங்கம்பாடியை ஆங்கிலேயருக்கு விற்றார்கள். அதற்கும் வங்காளத்துச் சேரம்பூருக்கும் சேர்த்து விலை பன்னிரண்டரை லட்சம் ரூபாய். அதில் தஞ்சைக்கு ஒரு காசும் வரவில்லை.