கண்டும் காணாதது: ஒரு விளையாட்டுப் பிரதியை முன்வைத்து

விளையாட்டு விதிநூலொன்றை இலக்கியப் பிரதிக்குரிய கவனத்தோடு வாசிக்கலாமா என்று கேட்டால் நம்மிற் பலர் சிரிக்கக்கூடும். மந்திரங்கள் நிறைந்த விளையாட்டு என்றாலோ சிலர் முகஞ்சுளிக்கவுஞ் செய்வர். ஆயினும், 1974ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கி வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ்' விளையாட்டின் மந்திரக் குறிப்புகளைப் போலச் சொல் சொல்லாகப் பிரித்து வழக்காடப்பட்ட சமகால உரைநடை அதிகமிராது என்றே எண்ணுகிறேன். மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு பாத்திரமேற்று, வாய்மொழியாகவே கதையை வளர்க்கும் விளையாட்டு இது. நடுவராகவும் கதைசொல்லியாகவும் ஒருவர் இருப்பார். ஐயமான இடங்களில் பகடை தீர்ப்புச் சொல்லும்.

2014ல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பில், மறைந்திருப்போரைக் காணச் செய்யும் மந்திரமொன்று உண்டு. ஏவியவரின் கண்ணுக்கு ஒரு மணிநேரம் அவர்கள் புலப்படுவர். சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. மறைந்த நிலை பற்றிய விதி இரு கூறுகளாக எழுதப்பட்டது. அத்தகையவரைக் காணமுடியாது என்கிறது முதலாவது. அவரைத் தாக்குவோருக்குப் பாதகம், அவர் தாக்கினால் அவருக்குச் சாதகம் என்கிறது இரண்டாவது. (இருபது முகப் பகடையை இருமுறை உருட்டி, சாதகமாயின் பெரிய எண்ணையும் பாதகமாயின் சிறிய எண்ணையும் கொள்வர்.) இந்த இரண்டாங் கூற்றில், 'காணாதோருக்கு மட்டும்' என்றொரு நிபந்தனை இல்லை. எனவே எதிரியைத் தெளிவாகக் கண்டுகொண்டிருப்பவனும் கண்ணைக் கட்டியவன் போன்றே வாள்வீச வேண்டியதாயிற்று! வடிவமைப்பாளர் ஜெரமி க்ரோஃபோர்டும் எழுத்தின்படி அதுவே சரி என விளக்கமளித்தார்.

இவ்விளக்கத்தை என்னால் ஏற்க முடியவில்லை. காண்பதற்கென்றே எழுதப்பட்ட மந்திரம், கண்ட பின்னும் பயன்தராவிடின் அந்த வாக்கியம் எதற்காக எழுதப்பட்டது? ஆசிரியனின் மரணம் பற்றி றோலன்ட் பார்த்தைச் சொல்லிப் பக்கம் பக்கமாக எழுதியவர்கள் நாம். இங்கே வாசகர்களே ஆசிரியனைத் தேடிப்போய்த் தீர்ப்புக் கேட்கிறார்கள். அவரோ தம் நோக்கத்தைச் சொல்லாமல் எழுத்தைச் சுட்டுகிறார்.

எனினும் எழுத்தைப் பற்றி நிற்போரை எளிதில் தள்ளிவிடவும் முடியாது. நடுவர் தம் விருப்பப்படி வளைக்கத் தொடங்கினால் எளிய ஆட்டக்காரனுக்கு எழுத்தைத் தவிர வேறு காப்பில்லை. ஆனால் அதே எழுத்து அளவுக்கு மீறியும் கொடுத்துவிடும். திறந்த கொள்கலனில் 10 கலன் நீரை உண்டாக்கும் மந்திரத்தை எடுத்துக்கொண்டு, எதிரியின் நுரையீரலும் திறந்த கொள்கலன்தானே என்று வாதிட்டோர் உளர்.

விளையாட்டோடு ஒப்பிடுவதாக எவரும் கொள்ளவேண்டாம். ஆனால் இவ்விரு வாசிப்புகளும் நமக்குப் புதியனவல்ல. அஹ்ஸாப் யுத்தத்தின் பின், பனூ குறைழாவை அடைந்தே அஸர் தொழவேண்டும் என்ற பணிப்பை ஸஹாபாக்களுள் சிலர் எழுத்தின்படி கொண்டு தாமதித்தனர். விரைந்து செல்வதே நோக்கம் எனக் கொண்டோர் வழியிலேயே தொழுதனர். நபி (ஸல்) அவர்கள் இரு சாராரையும் கண்டிக்கவில்லை.

2024ல் வந்த திருத்தப் பதிப்பு, காணக்கூடியவரிடம் அந்தச் சாதகம் செல்லாது எனத் தெளிவாக எழுதிவிட்டது. பத்தாண்டுகளாக அப்படியே ஆடிவந்த மேசைகளுக்கு இதிற் புதிதாக ஒன்றுமில்லை. அதே பதிப்பு இன்னொரு பழைய முறைப்பாட்டையும் கவனித்திருக்கிறது. 'குளிர்ந்த தீண்டல்' என்ற பொருளில் பெயரிடப்பட்ட மந்திரமொன்று முன்னர் 120 அடி தூரத்திலிருந்து ஏவப்பட்டது. குளிரால் தாக்குவதும் அன்று. இப்போது தீண்டல் வந்துவிட்டது. குளிர் இன்னும் வரவில்லை.